துளியும் மலரும் யாருக்கு உரியன?

சென்ற ஆண்டு நாம் கற்பிக்கும் பாடசாலையில் மாணவர் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. தீவுப் பகுதியிலுள்ள சிறிய பாடசாலை அது. மாணவர் தாமே எடுத்த புகைப்படங்களுக்கென ஒரு வகுப்பறையை ஒதுக்கியிருந்தோம். படங்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு எம்மைச் சார்ந்திருந்தது. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு படங்களைக் கொண்டுவந்தாள். ஒன்றிலே செவ்வரத்தம்பூவும் அதன் இதழ்களில் நீர்த்துளிகளும். மற்றையதிலே தண்ணீர்த் தாங்கியின் குழாய் வாயில் தொங்கும் ஒற்றைத் துளி. இரண்டும் அவளது வீட்டு முற்றத்தில், தாயாரின் கைத்தொலைபேசியால் எடுக்கப்பட்டவை. படங்கள் அழகாகவே இருந்தன. ஆயினும் நாம் அவற்றை ஒரு மூலையிலேதான் தொங்கவிட்டோம். "மக்கள் படும் பாடு இவ்வளவு இருக்க, பூவையும் துளியையும் படம் பிடிப்பதில் என்ன பயன்?" என்று அவளிடம் கேட்கவும் செய்தோம். அவள் பதில் கூறவில்லை.

இக்கேள்வி புதியதன்று. கலை யாருக்காக என்ற விவாதம் தோன்றிய நாள்முதல் அழகுப் பொருள்களை நோக்கி இது எழுப்பப்பட்டே வந்துள்ளது. எழுப்பப்பட வேண்டியதும் ஆகும். ஆனால் அதனை எழுப்புவோர் தாம் குறை கூறும் கலையின் வரலாற்றை அறிந்திருத்தல் அவசியம். அம்மாணவியிடம் கேட்டபொழுது நாம் அதனை அறிந்திருக்கவில்லை. பின்னர் படித்தவற்றிலிருந்து சிலவற்றை இங்கே தொகுத்து நோக்குவோம்.

வீட்டிலிருந்து தொடங்கிய கலை

புகைப்படம் பிறந்ததே வீட்டிலும் தோட்டத்திலுந்தான் என்று கூறினால் அது மிகையாகாது. இங்கிலாந்தில் வில்ட்ஷயர்ப் பகுதியிலுள்ள லேக்கொக் மாளிகையில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி பொக்ஸ் டல்பட் 1834ஆம் ஆண்டிலே தம் பரிசோதனைகளைத் தொடங்கினார். அவர் கையாண்ட முறை மிக எளியது. எழுதும் தாளை உப்புநீரில் தோய்த்து உலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைப் பூசினார். தாளில் உண்டாகும் வெள்ளிக் குளோரைட்டு ஒளி பட்டதும் கறுக்கும். அத்தாளின்மேல் ஓர் இலையையோ மலரையோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலிலே வைத்தால், சுற்றிலும் தாள் கறுத்துவிட, இலை மறைத்த இடம் மட்டும் வெளிறிய நிழலாக எஞ்சும். இதற்குக் கமராவும் வேண்டியதில்லை, வில்லையும் வேண்டியதில்லை.

டல்பட் மலரையும் இலையையும் தேர்ந்தது கவிதை உள்ளத்தால் மட்டுமன்று. அவர் தாவரவியலில் ஈடுபாடுடையவர். அன்றைய தாளுக்கு ஒளியுணர்வு மிகக் குறைவு. மனிதர் அவ்வளவு நேரம் அசையாதிருத்தல் இயலாது, இலையோ வைத்த இடத்திலே கிடக்கும். பின்னர் சிறு மரப்பெட்டிகளிலே வில்லையைப் பொருத்தி வீட்டைச் சுற்றி அவர் வைத்த பொழுது, அவற்றை 'எலிப்பொறிகள்' என்று அவர் மனைவி கொன்ஸ்டன்ஸ் கேலியாகக் குறிப்பிட்டார். 1839ஆம் ஆண்டு ஜனவரியில் டல்பட்டின் கண்டுபிடிப்பு லண்டனில் அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் டாகேர் என்பவரின் முறையை அவருக்கு ஓய்வூதியம் வழங்கிப் பெற்று, ஆகஸ்ட் மாதத்தில் உலகறிய வெளியிட்டது. ஆனால் இங்கிலாந்திலே டாகேரின் முறைக்கும் தனியுரிமை பெறப்பட்டிருந்தது. 1841இல் டல்பட்டும் தமது திருந்திய முறைக்குத் தனியுரிமை பெற்றார். ஒளி எல்லோருக்கும் பொது. அதனைத் தாளிலே பிடிக்கும் வழியோ பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ஒருவர் உடைமையாயிற்று. கலையின் வரலாற்றைக் கருவிகளின் வரலாற்றிலிருந்தும், கருவிகளின் வரலாற்றை உடைமையின் வரலாற்றிலிருந்தும் பிரிக்க முடியாது என்பதற்கு இது முதற் சான்று.

பெயரிழந்தோர்

தனியுரிமைக்கு உட்படாத மற்றொரு வழியை 1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்டார். வெள்ளிக்குப் பதிலாக இரும்புச் சேர்வைகளைத் தாளிலே பூசி, வெயிலிலே காட்டி, வெறும் நீரிலே கழுவினால் ஆழ்ந்த நீல நிறப் படம் கிடைக்கும். விலை மலிந்த முறை இது. பிற்காலத்திலே கட்டட வரைபடங்களை நீலப் படிகளாக எடுப்பதற்குப் பயன்பட்டதும் இதுவே.

இம்முறையை முதன்முதல் ஒரு நூலுக்குப் பயன்படுத்தியவர் கென்ற் பகுதியில் வாழ்ந்த அன்னா அட்கின்ஸ் என்னும் பெண்மணி. 1843 முதல் 1853 வரை பத்தாண்டுகளாகப் பிரித்தானியக் கடற்பாசிகளைத் தாளின்மேல் வைத்து, வெயிலிலே காட்டி, நீரிலே கழுவி, ஒவ்வொரு பிரதியையும் கையாலேயே ஆக்கினார். புகைப்படங்களால் ஆன முதல் நூல் என இன்று கொள்ளப்படுவது இதுவே. அடுத்து அன் டிக்சன் என்னும் தோழியுடன் சேர்ந்து பன்னங்களையும் பூந்தாவரங்களையும் அவ்வாறே பதித்தார். நீரிலே வாழ்ந்த தாவரம், நீரிலே கழுவப்பட்டு, நீரின் நிறத்திலேயே நிலைபெற்ற அவ்வேடுகள் இன்றும் காண்போரைக் கவர்கின்றன.

ஆனால் அவற்றை ஆக்கியவரின் பெயர் விரைவிலே மறைந்தது. நூலிலே அவர் 'ஏ. ஏ.' என்ற எழுத்துக்களை மட்டும் இட்டிருந்தார். அரை நூற்றாண்டு கழிந்த பின் அதனைக் கண்ட ஒருவர், அவ்வெழுத்துக்கள் 'பெயரறியாப் பொழுதுபோக்காளர்' என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் போலும் என்று எண்ணினார்! லண்டனிலே றோயல் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1945இலே தான் என்பதை நினைந்தால், வீட்டிலே ஒரு பெண் செய்த விஞ்ஞானம் 'பொழுதுபோக்கு' எனப் பெயர் பெற்றதன் காரணம் விளங்கும்.

இவ்விடத்தில் மற்றொன்றையும் மறைத்தலாகாது. அட்கின்ஸ் அம்மையாரின் மாமனார் மேற்கிந்தியத் தீவு வணிகர். லண்டன் மாநகர மேயராகவும் இருந்தவர். அடிமைகளின் உழைப்பாலே விளைந்த பொருள்களை அடிப்படையாகக் கொண்ட வணிகம் அது. அம்மையாரின் பன்னப் படங்கள் சிலவற்றின் அடியிலே 'ஜமெய்க்கா' என்ற ஊர்ப்பெயர் அழகிய எழுத்துக்களிலே காணப்படுகின்றது. பத்தாண்டுகள் கடற்பாசியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கிடைத்த ஓய்வு எங்கோ ஒருவர் இழந்த ஓய்வாகும். இதனால் அப்படங்களின் அழகு பொய்யாகிவிடாது. ஆயினும் அழகுக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

பெயரிழத்தலைப் பற்றிப் பேசும்பொழுது எம் நாட்டை நினையாதிருத்தல் இயலாது. புகைப்பட வரலாற்றிலே பெரும் புகழ் வாய்ந்த யூலியா மார்கிரட் கமரன், தம் நாற்பத்தெட்டாம் வயதிலே மகள் அளித்த கமராவுடன், வைற் தீவிலிருந்த வீட்டின் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு அறையாகவும் மாற்றித் தொழிலைத் தொடங்கியவர். கணவருக்கு இலங்கையிலே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் குடும்பம் இங்கே வந்தது. 1877இல் மலர்களைத் தீட்டுவதற்காக உலகம் சுற்றிய மரியான் நோர்த் என்னும் ஓவியர் களுத்துறையிலிருந்த அவ்வீட்டிற்கு வந்து தங்கினார். கமரன் அவரைப் படம் பிடித்தார். உள்ளூர் மக்கள் சிலரையும் பிடித்தார்.

நோர்த் தம் நினைவுக் குறிப்புகளிலே ஒரு செய்தி கூறுகின்றார். உள்ளூர் மனிதர் ஒருவரின் முதுகின் எழிலிலே மயங்கிய கமரன், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளுமாறு தம் மகனை வற்புறுத்தினாராம். வீட்டிலோ பூந்தோட்டமே இல்லையாம். அம்மனிதருக்கு அச்சொல்லின் பொருளும் தெரியாதாம். நோர்த் இதனை வேடிக்கையாகவே எழுதுகின்றார். எமக்கோ அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. நோர்த் தீட்டிய மலர்களுக்கு லண்டன் கியூ பூங்காவிலே 1882இல் தனி மண்டபமே திறக்கப்பட்டது. ஒவ்வொரு மலருக்கும் அங்கே பெயர் உண்டு. கமரன் எடுத்த இலங்கைப் படங்களிலே நிற்கும் மக்களின் பெயர்களோ பெரும்பாலும் எழுதப்படவில்லை. மலருக்குப் பெயர் கிடைத்தது. மலர் பூத்த மண்ணின் மனிதருக்குக் கிடைக்கவில்லை. கமரன் 1879 ஜனவரியில் திக்கோயாவிலே காலமானார். பொகவந்தலாவையிலே அவரது கல்லறை உள்ளது.

துளி கற்பித்த பாடம்

இனி மலரை விடுத்துத் துளிக்கு வருவோம். விழும் துளியைக் கண்ணாலே காண முடியாது. அது அவ்வளவு விரைவிலே நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது. அதனைக் காண முயன்றவர்களுள் முதன்மையானவர் ஆதர் வேர்திங்டன். பள்ளி ஆசிரியராகவும், பின்னர் டெவன்போட்டிலிருந்த கடற்படைப் பொறியியற் கல்லூரியிலே பௌதிகவியற் பேராசிரியராகவும் விளங்கியவர். புகை படிந்த கண்ணாடியிலே தவறி விழுந்த மைத்துளிகளின் தடத்தைப் பள்ளி மாணவன் ஒருவன் கவனித்ததே அவரது ஆராய்ச்சிக்குத் தூண்டுதலாயிற்று. ஆசிரியர்களாகிய எமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது; வகுப்பறையிலே மை சிந்தினால் நாம் வழக்கமாகச் செய்வது வேறு.

1870களின் நடுப்பகுதியிலே தொடங்கிய அவரது முறை இதுவாகும். இருட்டறையிலே குறித்த உயரத்திலிருந்து ஒரு துளி விழும். விழுந்து குறித்த நேரம் சென்றதும் ஒரு மின்பொறி வெட்டும். அக்கணத்திலே கண்ணிற்பட்ட வடிவத்தை உடனே வரைதல் வேண்டும். அடுத்த துளிக்குப் பொறியைச் சற்றுத் தாமதமாக வெட்டச் செய்தால் அடுத்த நிலை தெரியும். இவ்வாறு துளி விழுந்து, விரிந்து, விளிம்பிலே முடிபோல உயர்ந்து, நடுவிலே தூணாக எழுந்து அடங்கும் வரலாற்றை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் கையாலேயே வரைந்தார். அவ்வரைபடங்களிலே துளியின் முடி ஒழுங்கானது; அதன் கூர்கள் சம இடைவெளியிலே நிற்பவை; குறையேதும் இல்லாதவை.

1894இலே அவர் அதே துளியைப் புகைப்படம் பிடித்தார். ஒரு செக்கனைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் மூன்று கூறிலும் குறைந்த நேரமே நிலைக்கும் பொறியொளி அதற்குப் பயன்பட்டது. படங்கள் வேறு கதை கூறின. முடி கோணலாக இருந்தது. கூர்கள் நெட்டையும் குட்டையுமாக இருந்தன. ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தது. ஒரு துளி மற்றொரு துளியைப் போல இருக்கவில்லை. தமது பழைய குறிப்புகளை மீண்டும் நோக்கிய வேர்திங்டன், கோணலான வடிவங்களை முன்னரும் பல முறை கண்டிருந்தும், அவற்றை விபத்துக்கள் எனத் தள்ளிவிட்டு, மனத்திலிருந்த ஒழுங்கான வடிவத்தையே வரைந்து வந்ததை உணர்ந்தார். உணர்ந்ததை மறைக்கவும் இல்லை. தம் நூல்களிலே வெளிப்படையாக எழுதினார்.

இச்செய்தி துளிக்கு மட்டும் உரியதன்று. கண் காண்பதையெல்லாம் மனம் ஏற்பதில்லை. இலட்சிய வடிவம் ஒன்றை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, அதனோடு பொருந்தாதவற்றை விதிவிலக்கு எனத் தள்ளுவது மனித இயல்பு. கிராமத்தை எழுதுவோர் கிராமத்தின் சாதிக் கொடுமையைத் 'தற்செயல்' என விலக்கி, எழில் மிக்க கிராமத்தையே வரைவதும் இத்தகையதே. முற்போக்குவாதிகளாகிய நாமும் இதற்கு விலக்கல்லேம். தொழிலாளி எனின் இன்ன தோற்றம், போராட்டம் எனின் இன்ன காட்சி என்று நாமும் ஒழுங்கான முடிகளை வரைந்து வைத்திருக்கின்றோம். யதார்த்தம் என்பது கோணலை ஏற்கும் துணிவாகும். அத்துணிவை ஓர் ஆசிரியருக்குக் கற்பித்தது ஒரு துளி.

எனினும் கமரா இருந்தால் மட்டும் உண்மை வந்துவிடும் என்றும் எண்ணலாகாது. அமெரிக்காவிலே வெர்மொன்ற் மாநிலத்தின் ஜெரிக்கோ என்னும் ஊரிலே வில்சன் பென்ட்லி என்ற விவசாயி வாழ்ந்தார். முன்னாள் ஆசிரியையான தாயார் கொடுத்த நுணுக்குக்காட்டியைக் கமராவுடன் பொருத்தி, 1885 ஜனவரி 15ஆம் நாள், தம் பத்தொன்பதாம் வயதிலே, பனிப்பளிங்கு ஒன்றைப் படம் பிடித்தார். அதன்பின் மாரிகாலந்தோறும் வெப்பமூட்டாத கொட்டிலிலே நின்று ஐயாயிரத்திற்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். மழைத்துளிகளின் பருமனை அளப்பதற்கு அவர் கண்ட வழி இன்னும் எளியது: தட்டிலே மாவைப் பரப்பி மழையிலே நீட்டினார், துளி விழுந்த இடங்களிலே திரண்ட மாவுருண்டைகளை அளந்து, முடிவுகளை 1904இலே வெளியிட்டார். சர்வகலாசாலைப் படிப்பு எதுவும் இல்லாத ஒரு விவசாயி, மாட்டுக்கொட்டிலுக்கும் வயலுக்குமிடையே கிடைத்த நேரத்திலே செய்த விஞ்ஞானம் இது.

ஆனால் பென்ட்லி அழகிய, ஒழுங்கான பளிங்குகளையே தேடித் தேர்ந்தார். பின்னணி கருமையாகத் தோன்றும்பொருட்டு எதிர்ப்படத்திலே பளிங்கைச் சுற்றியுள்ள பகுதியைச் சுரண்டியும் எடுத்தார். ஜேர்மனிய வானிலையறிஞர் ஹெல்மன் இதனைக் கண்டித்தார். இயற்கையிலே பெரும்பாலான பளிங்குகள் ஒழுங்கற்றவை என்பது அவர் கட்சி. இருவரிடமும் நியாயம் உண்டு. பென்ட்லியின் உழைப்பு இல்லையேல் பனிப்பளிங்கின் எழிலை உலகம் அறிந்திராது. ஹெல்மனின் மறுப்பு இல்லையேல் அவ்வெழிலையே முழு உண்மை என நம்பியிருக்கும்.

களையும் மக்னோலியாவும்

இருபதாம் நூற்றாண்டிலே மலரின் படம் மீண்டும் ஓர் ஆசிரியரின் கைக்கு வந்தது. கார்ல் புளொஸ்பெல்ட் என்பவர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையிலே பயிற்சி பெற்று, பின்னர் பேர்லினிலே கைவினைக் கலைப் பாடசாலையிலே முப்பது ஆண்டுகளளவு கற்பித்தவர். மாணவர் உருவம் வனைவதற்கு மாதிரி வேண்டும். பூக்கடை மலர்களை அவர் நாடவில்லை. புகையிரதப் பாதை ஓரத்திலும் வெறுநிலத்திலும் வளர்ந்த களைகளைப் பறித்து வந்து, தாமே அமைத்த மரக் கமராவினாலே பல மடங்கு பெரிதாக்கிப் படம் பிடித்தார். காலால் மிதித்துச் செல்லும் களை அப்படங்களிலே கோபுரத் தூணாகத் தோன்றியது. பன்னத்தின் இளஞ்சுருள் மேற்றிராணியாரின் செங்கோலாயிற்று. 1928இலே நூலாக வெளிவந்தபொழுது ஆசிரியருக்கு வயது அறுபத்துமூன்று. மார்க்சியத் திறனாய்வாளர் வால்ற்றர் பெஞ்சமின் அதனை வரவேற்று எழுதினார். வெறுங்கண்ணுக்கு எட்டாத உலகைக் கமரா திறந்து காட்டுகின்றது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆனால் அதே பெஞ்சமின் சில ஆண்டுகளின் பின், ஒரு தொழிற்சாலையின் புறத்தோற்றத்தைப் படம் பிடித்தால் மட்டும் அதனுள்ளே நிகழும் மனித உறவுகள் வெளிப்பட்டுவிடா என்ற பிரெக்டின் கருத்தையும் எடுத்துக்காட்டினார். பொருள் மலரா தொழிற்சாலையா என்பதல்ல வினா. படம் எதனைத் திறந்து காட்டுகின்றது என்பதே வினா.

அதே காலத்திலே கலிபோணியாவில் இமொஜன் கனிங்ஹம் என்னும் பெண்மணி தம் வீட்டுத் தோட்டத்து மக்னோலியா மலரைப் படம் பிடித்தார். வாஷிங்டன் சர்வகலாசாலையிலே இரசாயனம் பயின்றவர். படிப்புச் செலவுக்காகத் தாவரவியற் பகுதிக்குப் படத்தகடுகள் செய்து கொடுத்தவர். புகைப்படத்தைப் பெண்களுக்குரிய தொழிலாக ஏற்கவேண்டும் என 1913லேயே எழுதியவர். 1915க்கும் 1917க்கும் இடையே மூன்று ஆண் குழந்தைகளுக்குத் தாயானார். குழந்தைகளை விட்டு வெளியே செல்ல வழியில்லை. கைக்கெட்டும் தூரத்திலே இருந்தவை தோட்டத்துச் செடிகளே. ஆகவே அவற்றைப் படம் பிடித்தார். 1925இல் எடுத்த மக்னோலியாப் படம் இன்று உலகப் புகழ் பெற்றது. அதனைக் காண்போர் தூய அழகு என்பர். அத்தூய அழகின் எல்லையை வகுத்தது தொட்டிலும் சமையலறையும் என்பதை நினைவிற்கொள்வோர் சிலரே.

குழந்தைகள் வளர்ந்தபின் அவர் எங்கே சென்றார்? 1934இலே, பெருமந்தத்தின் நடுவிலே, வேலையற்றோர் தாமே சேர்ந்து ஒரோவில் என்னும் ஊரிலே நடத்திய கூட்டுறவு மரம் அரியும் ஆலைக்குச் சென்று, அங்கே உழைத்தோரைப் படம் பிடித்தார். மலரைப் பார்க்கப் பழகிய கண் மனிதரைக் காணத் தவறும் என்ற எமது அச்சத்திற்கு அவர் வாழ்க்கை ஒரு மறுமொழியாகும்.

பாற்றுளியும் அணுகுண்டும்

வேர்திங்டன் விட்ட இடத்திலிருந்து துளியை மேலே கொண்டு சென்றவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஹரல்ட் எட்ஜேர்டன். மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிலையத்திலே மின்னொளிப் பொறியைச் செம்மைப்படுத்தி, பால் துளி விழுந்தெழும் முடியை 1936இலே பிடித்தார். அடுத்த ஆண்டு நியூயோர்க் நவீன கலைக் காட்சிச்சாலையின் முதற் பெரும் புகைப்படக் கண்காட்சியிலே அப்படம் இடம்பெற்றது. ஆனால் அவர் மனம் நிறையவில்லை. மேலும் ஒழுங்கான முடியைத் தேடி ஆண்டுக்கணக்காகத் துளிகளை விழுத்தினார். 1957இலே வண்ணத்தில் எடுத்த படமே உலகெங்கும் பரவியது. வேர்திங்டன் கைவிட்ட ஒழுங்கை எட்ஜேர்டன் தேடிப் பிடித்தார் எனலாம்.

அதே எட்ஜேர்டனின் ஒளிப்பொறி இரண்டாம் உலகப் போரிலே இரவிலே வானிலிருந்து நிலத்தைப் படம் பிடிக்கப் பயன்பட்டது. போரின் பின் அவரும் தோழர் இருவரும் நடத்திய நிறுவனம் அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவுக்காக அணுகுண்டு வெடிப்புகளைப் படம் பிடித்தது. வெடித்த கணத்திலே தீக்கோளம் கொள்ளும் உருவைப் பிடிப்பதற்கென அவர் அமைத்த கமராவின் படங்களும் 'அழகியவை' என்றே பேசப்படுகின்றன. பாற்றுளி வண்ணத்திலே பிடிக்கப்பட்ட 1957ஆம் ஆண்டிலேயே நெவாடாப் பாலைவனத்திலே தொடர்ச்சியான அணுச் சோதனைகள் நடைபெற்றன. சோதனைகளின் தூசியிலிருந்த ஸ்ரொன்சியம் 90 என்னும் கதிரியக்கப் பொருள் புல்லிலே படிந்து, பசுவினுள்ளே சென்று, பாலிலே கலந்து, குழந்தைகளின் எலும்பிலும் பல்லிலும் சேர்ந்தது. செயின்ற் லூயிஸ் நகரிலே 1958 முதல் மக்கள் தம் குழந்தைகளின் விழுந்த பாற்பற்களைச் சேர்த்து ஆராய்ச்சிக்கு அளித்தனர்; அதன் முடிவுகள் 1963இலே கைச்சாத்தான பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்திற்கு வலுவூட்டின.

ஒருபுறம் பாலின் முடி. மறுபுறம் பாலிலே நஞ்சு. கருவியைக் குற்றம் சாட்டுவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. ஒரு துளியைக் காணத் தெரிந்த சமுதாயம் அத்துளியிலே கலந்திருப்பதையும் காணவேண்டும் என்பதற்காகவே கூறுகின்றோம். தாய்மாரும் குழந்தைகளும் சேர்த்த பற்கள் எட்ஜேர்டனின் கமரா காட்டாததைக் காட்டின.

துளியிலே தெரியும் பனை

திருவள்ளுவமாலையிலே கபிலர் பெயரால் வழங்கும் வெண்பா ஒன்று உண்டு. சிறு புல்லின் நுனியிலுள்ள பனித்துளியிலே நெடிய பனைமரம் தெரிவது போலச் சிறு குறளிலே பெரும் பொருள் தெரியும் என்பது அதன் கருத்து. அதனை எத்தனையோ முறை கற்பித்திருந்தும், துளியை நாம் ஒருபோதும் குனிந்து பார்த்ததில்லை. பார்த்தால் பனை தலைகீழாகத் தெரியும். துளி ஒரு குவிவில்லையாதலின் தன் பின்னாலுள்ளதைக் கவிழ்த்தே காட்டும். செவ்வரத்தம்பூவின் முன்னே தொங்கும் துளியிலே கவிழ்ந்த சிறு பூ ஒன்று தெரிவதும் இதனாலேயே. இதனை எமக்குக் காட்டியவள் அம்மாணவி. வில்லை வாங்க வசதியில்லாமையால், கைத்தொலைபேசியின் கண்ணாடியிலே ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து, அதனையே வில்லையாகக் கொண்டு பூவை அருகிலே பிடித்ததாகவும் கூறினாள்.

கண்காட்சி முடிந்து பல வாரங்களின் பின்னரே நாம் அவளிடம் மறுபடியும் பேசினோம். குழாய்ப் படத்தைப் பற்றிக் கேட்டோம். அவர்களுடைய ஒழுங்கைக்குப் பவுசர் வண்டி தண்ணீர் கொண்டுவந்து தாங்கியை நிரப்புவது வாரத்திலே சில நாட்களில் மட்டுமே. அன்று வண்டி வரவில்லை. "சேர், அது தாங்கியிலே இருந்த கடைசித் துளி. விழ முதல் எடுத்தனான்" என்றாள். பூவின்மேலிருந்த துளிகள்? "முகம் கழுவின தண்ணியைத்தான் அம்மா செவ்வரத்தைக்கு ஊத்துறவ."

மக்கள் படும் பாட்டை ஏன் படம் பிடிக்கவில்லை என்று நாம் கேட்டது அப்படத்தின் முன்னே நின்றுகொண்டுதான். எமது மனத்திலே 'மக்கள் பாடு' என்பதற்கு ஓர் ஒழுங்கான வடிவம் இருந்தது: நீண்ட வரிசை, காலிக் குடங்கள், வாடிய முகங்கள். அவ்வடிவத்தோடு பொருந்தாததை நாம் மூலையிலே தொங்கவிட்டோம். இருபது ஆண்டுகள் வேர்திங்டன் செய்ததை நாம் ஒரே பிற்பகலிலே செய்து முடித்தோம். அவர் தம் தவறை அச்சிலே ஒப்புக்கொண்டார்; நாமும் அவ்வாறே செய்தல் முறை.

ஆகவே துளியையும் மலரையும் படம் பிடிப்போரிடம் "இதனாற் பயன் என்ன?" என்று இனி நாம் கேட்கப்போவதில்லை. வேறு கேள்விகளைக் கேட்போம். இப்படம் கோணலை மறைக்கின்றதா, காட்டுகின்றதா? இதனை எடுப்பதற்குரிய ஓய்வு எவர் உழைப்பிலிருந்து வந்தது? இதிலே பெயரில்லாமல் நிற்பவர் யார்? இக்கேள்விகளை மாணவரிடம் மட்டுமன்றி எம்மிடமும் கேட்டல் வேண்டும். மலரைப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரமும் அதனைப் பிடிப்பதற்கு ஒரு கருவியும் லேக்கொக் மாளிகைக்கு மட்டும் உரியவையாக இருந்த காலம் போய்விட்டது. கருவி இன்று ஒழுங்கைகளுக்கும் வந்துவிட்டது. தண்ணீர்தான் இன்னும் ஒழுங்காக வந்து சேரவில்லை.

இவ்வாண்டுக் கண்காட்சிக்கு அக்குழாய்ப் படத்தை நுழைவாயிலிலே தொங்கவிட இருக்கின்றோம். அதன் கீழே மாணவியின் பெயரையும், அத்துளி எந்நாளில், எவ்வொழுங்கையில், எத்தனை நாட்களாகத் தண்ணீர் வராதபொழுது எடுக்கப்பட்டது என்பதையும் எழுதுவோம்.